மஞ்சள் சுவருக்கு எந்தச் சாம்பல்?

புதுச்சேரிக்குக் கேமராவோடு வருகிறவர்கள் முதலில் எடுப்பது மஞ்சள் சுவரைத்தான். ரோமன் ரோலண்ட் வீதியிலோ துய்மா வீதியிலோ கடுகு மஞ்சள் பூசிய ஒரு மதில், வெள்ளைப் பட்டை ஓடும் ஜன்னல், மதிலைத் தாண்டி வெளியே வழியும் காகிதப்பூ, கீழே சாய்த்து நிறுத்திய சைக்கிள். நிறத்தில் எடுத்தால் தப்பவே தப்பாத படம். அதே படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சுவரும் வெள்ளைப் பட்டையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். பூ எது, இலை எது என்று தெரியாது. கறுப்பு வெள்ளைக்கு இந்த ஊர் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் பலரும் நிறத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகியவன் நான். இப்போது குடியிருப்பது புதுச்சேரியில். இரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் என் படங்கள் எல்லாம். கறுப்பு வெள்ளைக்கு இதைவிட நல்ல கடற்கரை எனக்கு வேண்டியதில்லை. ஆனால் நிறத்தில் எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் அந்தச் சுவர் ஏன் கரைந்தது என்று பார்ப்போம். நிறப் படத்தைச் சாம்பலாக்க மென்பொருள்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. பழைய தொலைக்காட்சிக் காலத்திலிருந்து புழங்குவது இது: சிவப்பிலிருந்து 30 பங்கு, பச்சையிலிருந்து 59 பங்கு, நீலத்திலிருந்து 11 பங்கு. நம் கண் பச்சையைக் கூடுதல் வெளிச்சமாகவும் நீலத்தைக் குறைந்த வெளிச்சமாகவும் உணர்வதால் வந்த பங்கீடு. புதிய தரங்களில் எண்கள் மாறுகின்றன, வரிசை மாறுவதில்லை. மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. 30ஐயும் 59ஐயும் கூட்டினால் 89. சுத்தமான மஞ்சள், வெள்ளைக்கு அடுத்த படியிலேயே வந்து நின்றுவிடுகிறது. நம் மதில்களின் மஞ்சள் அவ்வளவு சுத்தமில்லை, அதில் காவி கலந்திருக்கிறது. இருந்தும் வெயில் பட்டால் வெளிர் சாம்பலாகத்தான் விழும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை அதிலிருந்து எப்படிப் பிரிந்து தெரியும்?

காகிதப்பூவின் கதை வேறு. அந்த அடர் ரோஜா நிறத்தில் சிவப்பு நிறைய, நீலம் ஓரளவு, பச்சை மிகக் குறைவு. இலையில் பச்சைதான் அதிகம், ஆனால் இலை மொத்தத்தில் இருட்டானது. கூட்டிக் கழித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் முடிகின்றன. கண்ணுக்கு அவ்வளவு வேறாகத் தெரிந்த இரண்டு நிறங்களும் படத்தில் ஒரே கறையாக நிற்பது இதனால்தான்.

பிலிம் காலத்தில் இதற்கு மருந்து லென்ஸின் முன்னே மாட்டும் நிறக் கண்ணாடி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று பில்டர்கள் உண்டு. தன் நிறத்தை வெளுக்கும், எதிர் நிறத்தைக் கறுக்கும், அதுதான் விதி. சிவப்பு பில்டர் போட்டால் காகிதப்பூ வெள்ளையாகி இலை கறுத்துப் பின்னுக்குப் போகும், நீல வானம் இருண்டு மேகம் எழும். அதற்கு விலையும் உண்டு. மஞ்சள் பில்டர் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது), ஆரஞ்சு இரண்டை ஒட்டி, சிவப்பு மூன்று.

டிஜிட்டலில் கண்ணாடி வாங்க வேண்டாம். கேமராவை மோனோக்ரோமில் வைத்து, கோப்பை மட்டும் ராவாக, அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் கோப்பாகப் பதியுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா கோப்பில் நிறம் முழுக்கப் பத்திரமாக இருக்கும். பிறகு கணினியில் ஒவ்வொரு நிறத்தின் சாம்பலையும் தனித்தனி ஸ்லைடரில் ஏற்றலாம், இறக்கலாம். போனில் எடுக்கிறவர்களுக்கு ஸ்னாப்சீட் ஆப்பின் கறுப்பு வெள்ளைக் கருவிக்குள்ளேயே நிற பில்டர் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்காமலே பலர் மேலே உள்ள ஸ்டைல்களில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது என் வருத்தம். கருவியின் உயிரே அந்தச் சின்னப் பொத்தானில்தான்.

மஞ்சள் சுவருக்கு வருவோம். பலரும் பழக்கத்தில் சிவப்பு பில்டரை நீட்டுவார்கள். போட்டால் சுவர் இன்னும் வெளுத்துப்போகும். வெள்ளைப் பட்டை தெரிய வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் போக வேண்டும்: நீல பில்டர், அல்லது மஞ்சள் ஸ்லைடரைக் கீழே இழுப்பது. சுவர் நடுச் சாம்பலுக்கும் கீழே இறங்கும், ஜன்னலின் பட்டையும் தூணின் விளிம்பும் சுண்ணாம்பு வெள்ளையில் வெட்டியெடுத்த மாதிரி வெளியே வரும். நிறத்தில் பார்த்தபோது கூடத் தெரியாத கட்டட வரைவு அப்போதுதான் தெரியும். ஆனால் நிதானம் வேண்டும். நீலத்தை அளவுக்கு மீறி நம்பினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், சுவரும் வானமும் சேரும் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

இங்கேதான் முடிவெடுக்கும் வேலை வருகிறது. அதே சட்டகத்துக்குள் காகிதப்பூவும் இருந்தால்? பூவைப் பிரிக்க ரோஜாவையும் சிவப்பையும் ஏற்ற வேண்டும், சுவரைப் பிரிக்க மஞ்சளை இறக்க வேண்டும். கண்ணாடி பில்டரில் இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது, ஸ்லைடரில் முடியும். முடியும் என்பதற்காகச் செய்யலாமா என்றால், நான் செய்வதில்லை. இரண்டும் கத்தினால் படம் எதையும் சொல்லாது. சுவர்தான் படம் என்றால் பூ இருட்டில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இன்னொரு உள்ளூர் உதாரணம், நம் காவலர்களின் சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காலத்து வடிவம் மாறாத அந்தத் தொப்பியைக் கடற்கரைச் சாலையில் எடுக்காத சுற்றுலாப் பயணி குறைவு. கறுப்பு வெள்ளையில் சிவப்பை ஏற்றினால் தொப்பி காக்கியோடு கலந்து போய்விடும். இறக்கினால் தொப்பி கறுத்து, தலையும் முகமும் கணீரென்று நிற்கும். பூவுக்கு உதவிய பில்டர் தொப்பியைக் கொல்கிறது. ஆகையால் 'புதுச்சேரிக்கு ஏற்ற பிரீசெட்' (முன்கூட்டியே செய்துவைத்த ஸ்லைடர் அமைப்பு) என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, இதில் எது எதிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்?

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். காலையிலும் மாலையிலும் மட்டும்தான் எடுக்க வேண்டும், உச்சிவெயிலில் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும் என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆட்களை எடுக்க அது சரி; கண்குழியில் நிழல் விழுந்து முகம் கெட்டுப்போகும். சுவர்களுக்கு அது தப்பு. சுவர் செங்குத்தாக நிற்பது. தலைக்கு மேலிருந்து வரும் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். உரசும்போது காரை பெயர்ந்த ஒவ்வொரு செதிலுக்கும், பழைய செங்கலின் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது. காலை ஏழு மணிக்கு அதே கிழக்குப் பார்த்த சுவரில் வெயில் நேராக அறைகிறது, நிழலே கிடையாது, சுவர் வெறும் தட்டையாக இருக்கும்.

புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் சூரியன் நண்பகலில் கிட்டத்தட்ட நட்ட நடு உச்சியில் நிற்கும், நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. அந்த நாட்களில் இங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12ஐத் தாண்டிச் சில நிமிடங்களில் வருகிறது. வடக்கு தெற்காக ஓடும் துய்மா, ரோமன் ரோலண்ட் வீதிகளில் 11 மணியிலிருந்து 12 வரை கிழக்குப் பார்த்த சுவர்கள் உரசலில் இருக்கும். அதன் பிறகு முறை எதிர்ச்சாரிக்கு மாறும். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, அக்னி நட்சத்திரம் உட்பட, சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால், வருஷத்தின் பெரும்பகுதி நிழலிலேயே இருக்கும் வடக்குப் பார்த்த சுவர்களில் அந்த நாட்களில் மட்டும் உச்சி வெயில் இறங்கும். மே மாத வெயிலில் வீதியில் நிற்பது கஷ்டம்தான். தொப்பியும் தண்ணீரும் இருந்தால் போதும், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

தமிழர் பகுதியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியிலும் வைசியாள் வீதியிலும் வேலை வேறு மாதிரி. அங்கே விஷயம் திண்ணையும் தாழ்வாரமும். வீதியில் முழு வெயில், திண்ணையில் அதைவிட மூன்று ஸ்டாப் குறைவு, கதவுக்கு உள்ளே இன்னும் குறைவு. மூன்றும் ஒரே சட்டகத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டு வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்ததை ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் போட்டால் எல்லாம் ஒரே சாம்பல் கஞ்சியாகிவிடும். வீதியை வெளுத்துப்போக விடலாம், அல்லது உள்ளறையைக் கறுப்பாகவே விட்டுவிடலாம். நான் பெரும்பாலும் உள்ளறையைக் கறுப்பாக விடுவேன். திண்ணைத் தூணும் அதில் சாய்ந்திருப்பவரும் அந்தக் கறுப்பின் மேல்தான் தெரிகிறார்கள்.

கடலுக்கும் ஒரு வார்த்தை. தூரத்து மங்கலைச் சிவப்பு பில்டர் வெட்டும் என்று புத்தகங்களில் இருக்கும். காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய தூசும் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வரும் மங்கலுக்கு அது சரி. காலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் அலைக்கு மேல் நிற்கும் ஈரமூட்டம் வேறு. அந்த நீர்த்திவலைகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரேபோல் சிதறடிக்கும், பில்டர் ஒன்றும் செய்யாது. அந்த மூட்டத்தை எதிர்க்காமல் அதற்குள் கறுப்பாக ஏதாவது ஒன்றைத் தேடுங்கள், ஒரு படகின் அணியம் (முன்முனை), வலை இழுப்பவர்களின் வரிசை. சூரியன் கடலிலிருந்து எழும் கரை இது, காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாமே நிழலுருவாகத்தான் வரும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும், கடற்கரை முழுக்கச் சீரான மென்வெளிச்சத்தில் கிடக்கும். நிழலுருவுக்குக் காலை, முகத்துக்கு மாலை.

(கடற்கரையில் எடுத்துவிட்டு வந்ததும் லென்ஸையும் கேமராவையும் துடைத்துவிடுங்கள். உப்பு ஏறினால் இறங்காது. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.)

இனி, எனக்கு மிக நெருக்கமான விஷயம்.

நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் டார்க் ரூம் இருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும். பிரிண்ட் போடும் புரோமைடு பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் அந்த விளக்கில் தைரியமாக வேலை செய்ய முடிந்தது. பேப்பரைப் போலவே பழைய பிலிம்களுக்கும் கண்ணாடித் தட்டுகளுக்கும் சிவப்பு தெரியாது. முதலில் நீலம் மட்டும் தெரிந்தது, ஆர்த்தோகுரோமேட்டிக் வந்தபோது பச்சையும் தெரிந்தது, பான்குரோமேட்டிக்தான் எல்லா நிறத்தையும் பார்த்தது. உங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குங்குமப் பொட்டு மை வைத்தது போல் கறுகறுவென்று இருந்தால் அது சிவப்பு தெரியாத பிலிமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீலம் மட்டும் தெரிந்த தட்டில் மஞ்சள் பூசிய முகமும் இருண்டுதான் விழும். அந்தக் காலத்துப் பெண்கள் உண்மையில் இருந்ததைவிடக் கறுப்பாகப் படங்களில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிரானது இன்று நடப்பது. மாநிறமானாலும் கருநிறமானாலும் நம் தோலின் நிறம் ஸ்லைடரில் ஆரஞ்சுக்குள் விழுகிறது. குங்குமம் சிவப்பில், மஞ்சள் பூச்சு மஞ்சளில். ஆரஞ்சை மேலே தள்ளினால் ஒரே நொடியில் ஆள் நாலு படி வெளுத்துவிடுவார். தழும்பு, பரு, கரும்புள்ளி எல்லாம் மறையும். ரெடிமேடாகக் கிடைக்கும் கறுப்பு வெள்ளை பிரீசெட்டுகளில் பெரும்பாலானவை இதைத்தான் செய்கின்றன. கல்யாண ஆல்பங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் பளிங்குப் பொம்மைகளாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பொட்டும் அதோடு சேர்ந்து வெளுத்து, நெற்றி மூளியாகப் போயிருக்கும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை ஏலம் முடிகிற நேரத்தில் நிறையப் படம் எடுத்திருக்கிறேன். அலுமினிய அன்னக்கூடையில் வாளையும் மத்தியும் மின்னும். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிற அக்காமார்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். ஒருவர் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தம்பி, கொஞ்சம் செவப்பா வர்ற மாதிரி எடுப்பா. நீ எடுக்கிறதுல நான் கரிக்கட்டையாத்தான் இருப்பேன்."

"நல்லா வரும்க்கா. இப்படி வெயிலுக்குக் கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க."

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவரை அதுவரை எடுத்த கேமராக்கள் எல்லாம் அவரைக் கெடுத்திருக்கின்றன. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், முன்னால் இருப்பது எதுவானாலும் 18 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கி, கறுத்த முகத்தைக் கரியாக்கிவிடும். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் அதை இழுத்து நடுச் சாம்பலுக்குக் கொண்டுவந்து, சாம்பல் பூத்த மாதிரி சோகையாக்கிவிடும். இரண்டிலும் அந்த முகம் இல்லை.

பிழை தோலில் இல்லை, அளவெடுப்பதில் இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக இறக்குங்கள். வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சுவரோ நிறைத்தால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால், டிஜிட்டலில் வேட்டியின் மடிப்பு வெளுத்துப்போகாத அளவுக்குப் பிடித்து ராவில் எடுங்கள், முகத்தைப் பிறகு மேலே கொண்டுவரலாம். பிலிமில் தலைகீழ், நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடுத்துவிட்டு வெள்ளையை டெவலப்பிங்கில் அடக்க வேண்டும். அவசரத்துக்கு இன்னொரு வழி, உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். மனிதர்களின் தோல் நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கை அவ்வளவு வேறுபடுவதில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையில், முழுக் கறுப்புக்கு 0 தொடங்கி வெள்ளைக்கு 10 வரை பதினோரு படிகள். வெள்ளையர் முகத்தை ஆறாவது படியில் வை, கருந்தோலை ஐந்தில் வை என்று அந்த மரபில் ஒரு கணக்கு உண்டு. எங்கள் துறைமுகத்து முகங்களுக்கு ஐந்துகூட அதிகம் என்பது என் அனுபவம். நான் நாலில் வைப்பேன். நாலாவது படியில் இருக்கும் தோலுக்கு ஒரு குணம் உண்டு. வெளுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது நிழல். கறுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது அதன் மேல் விழும் பளபளப்பு: நெற்றியில் ஒரு கீற்று, கன்ன எலும்பில் ஒரு கீற்று, மூக்கின் தண்டில் ஒன்று. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் அந்தக் கீற்றைக் கூர்மையாக்கும். ஸ்டூடியோவில் படம் எடுக்கும் முன் பவுடர் டப்பாவை நீட்டுவோமே, அது இந்தக் கீற்றைத்தான் முதலில் அழிக்கும். பளபளப்பை வெட்டும் போலரைசர் பில்டரும் அதையே செய்யும், ஆட்களை எடுக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆகவே கறுத்த முகத்துக்கு வேண்டியது கூடுதல் வெளிச்சம் இல்லை, அகலமான வெளிச்சம். திறந்த கதவு, திண்ணையின் ஓரம், மேகம் மூடிய ஐப்பசி வானம், உப்பனாற்றுத் தண்ணீரிலிருந்து திரும்பி வரும் காலை வெயில். அந்த அக்காவைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னது இதற்காக. தண்ணீரின் வெளிச்சம் கன்னத்தில் நீளமாக விழுந்தது. முகம் நாலாவது படியில், மீன்கள் ஒன்பதில், பின்னால் படகின் நிழல் ஒன்றில். ஆரஞ்சு ஸ்லைடரை நான் தொடவே இல்லை. சிவப்பை மட்டும் கொஞ்சம் இறக்கினேன், பொட்டு தெரிய வேண்டும் என்பதற்காக. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க அம்மா மாதிரி இருக்கேன்" என்றார். செவப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒருவர் கேட்டால் வெளுத்துக் கொடுப்பதில் என்ன தவறு, காசு கொடுப்பவர் அவர்தானே என்று தொழில் செய்யும் நண்பர்கள் என்னிடம் சண்டை போடுவார்கள். அவர்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் மாமியார் சொல்வதைத் தட்ட முடியாது. ஆனாலும் நமக்காக நாம் எடுக்கும் படத்தில், யாரும் கேட்காமலே ஒருவரை வெளுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஸ்லைடர் கையில் இருக்கும்போது ஒருவரின் நிறத்தை முடிவு செய்வது நாம். அந்தப் பொறுப்பை பிரீசெட்டிடம் கொடுத்துவிட முடியாது.

எனக்கு வழி காட்டியவை என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் ஆசிரமத்துக்கு வந்து எடுத்த ஸ்ரீ அரவிந்தர் படங்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் யாரும் படம் எடுக்காதிருந்தவர். அந்த டிசம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார். வெண்தாடியில் இழை தெரிகிறது, முகத்தில் வயசு தெரிகிறது, எதையும் அழகாக்கும் முயற்சி இல்லை. மற்றொன்று, செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத் தொகுப்பு. தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் ஆவணப்படுத்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக எடுத்தவை, சிற்பத்தின் விரலும் ஆபரணமும் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். கருங்கல்லை எப்படிப் படிப்படியாகப் பிரிப்பது என்று அந்தப் படங்களில் கற்கலாம். எண்ணெய் ஏறிய கல்லும் கறுத்த தோலும் வெளிச்சத்தை ஒரே விதத்தில்தான் திருப்பித் தருகின்றன. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் மண்டபத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு காலை நேரம் தூண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள், முகம் எடுக்கக் கை பழகிவிடும்.

பிலிமில் எடுக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்த காலம் முடிந்துவிட்டது. இன்று கிடைப்பது பெரும்பாலும் இல்போர்டும் கோடாக்கும், ஒவ்வொரு ரோலும் கையைக் கடிக்கும். கை கடித்தாலும் ஒரு ரோலாவது எடுத்துப் பார்க்கச் சொல்வேன், நிறம் என்ற ஊன்றுகோல் இல்லாமல் பார்க்க அது கட்டாயப்படுத்தும். டெவலப்பிங்குக்குப் பாடநூல் வெப்பம் 20 பாகை செல்சியஸ். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரை மாதத்தில் முப்பதைத் தாண்டிக் கொதிக்கும். வாளியில் ஐஸ் போட்டு டெவலப்பரையும் படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவையும் கழுவும் தண்ணீரையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 24 பாகை வரை நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். டெவலப்பிங் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும்.

கடைசியாக, பிரிண்ட். திரையில் மட்டும் பார்த்துவிட்டு விடுவது கறுப்பு வெள்ளைக்குச் செய்யும் அநியாயம். பல லேப்களில் நிறப் பேப்பரிலேயே கறுப்பு வெள்ளையையும் அடிக்கிறார்கள். அதில் லேசான பச்சையோ கத்திரிப்பூவோ ஏறிவிடும். முதலில் சின்ன அளவில் ஒரு டெஸ்ட் பிரிண்ட் கேளுங்கள். முடிந்தால் கறுப்பு மையும் சாம்பல் மையும் தனியாக உள்ள இங்க்ஜெட்டில், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் ஒன்று, லேசாகப் பளபளக்கும் பரைட்டா பேப்பரில் ஒன்று போட்டுப் பாருங்கள். மேட்டில் கறுப்பு அவ்வளவு ஆழம் இறங்காது, சுவருக்கும் மூட்டத்துக்கும் அது பொருந்தும். துறைமுகத்து முகங்களுக்கு எனக்குப் பரைட்டாதான், நாலாவது படிக்குக் கீழே இன்னும் மூன்று படி அதில் பிரிந்து தெரிகின்றன. வந்த பிரிண்டை லேப் விளக்கில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, வீட்டு டியூப் லைட்டில் ஒரு தடவை பாருங்கள். இரண்டிலும் முகம் ஒரே சாம்பலாக இருந்தால் பெரிதாகப் போடச் சொல்லலாம், ஒன்றில் பச்சை தட்டினால் திருப்பிக் கொடுத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.